இரட்டை சைலன்சர் வண்டியும் மேட்டுப் புற்றும்

மரங்கொத்தி கார் பானெட்டை மூன்று தடவை கொத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டது. நகர்ந்து உட்கார்ந்து இன்னும் இரண்டு தடவை கொத்தியது.

“புழு இல்லீங்க,” என்றது.

“புழுவா?”

“உள்ள எங்கயும் புழு இல்ல. எழுதித் தரச் சொன்னாலும் தரேன்.”

“கியர்பாக்ஸைப் பாக்கத்தானப்பா உன்னைக் கூட்டிட்டு வந்தது,” என்றார் செதிலப்பன்.

“கியர்பாக்ஸ்லயும் புழு இல்ல.”

அந்தக் காட்டின் ஒரே மெக்கானிக் அதுதான். மரங்களைத் தட்டிப் பார்த்துத் தொழில் பழகியது. அதற்குத் தெரிந்த பழுது ஒன்றே ஒன்று. அந்த ஒன்று இல்லாவிட்டால் எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லிக் கூலியை வாங்கிக்கொண்டு பறந்துவிடும். மெக்கானிக்குகளில் இது நேர்மையான வகை.

ஒரு காட்டில் என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். எந்தக் காடு என்பது முக்கியமில்லை. இப்போது எல்லாக் காட்டிலும் ஒரு தார் ரோடு இருக்கிறது. ரோட்டோரம் பழைய கார் விற்கும் கழுதைப்புலி ஒன்றும் இருக்கிறது. இந்தக் காட்டுக் கழுதைப்புலியின் பெயர் மருதாசலம். அடுத்தவர் தின்று மிச்சம் வைத்ததைக் கைமாற்றுவது அவருடைய பரம்பரைத் தொழில். எலும்பிலிருந்து காருக்கு வந்ததை அவர் பெரிய மாற்றமாக நினைக்கவில்லை. கழுதைப்புலிகளுக்குச் சிரிப்பு வரக் காரணம் தேவையில்லை. வாடிக்கையாளர்களுக்கு அது தெரியாது. தங்களுடைய நகைச்சுவையை ரசிக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

செதிலப்பன் ஓர் அழுங்கு. முதுகெல்லாம் செதில், வாயில் ஒரு பல்கூட இல்லை, நாக்கு மட்டும் முழ நீளம். எறும்பும் கறையானும் தவிர வேறெதையும் தின்னாத குலம். பயம் வந்தால் சுருண்டு பந்தாகிவிடுவார். சந்தேகம் வந்தாலும் அதேதான். கல்யாணத்தன்று முகூர்த்த நேரத்தில் சுருண்டவரை அவர் மனைவி பூவாத்தாள்தான் முதுகில் தட்டித் திறந்தாள். பதினோரு வருஷமாகத் தட்டிக்கொண்டிருக்கிறாள்.

வண்டி சிவப்பு. இரண்டே கதவு, இரண்டே சீட்டு. வயிறு தரையோடு ஒட்டி நின்றது. பின்பக்கம் பளபளவென்று இரண்டு சைலன்சர் குழாய்கள்.

“ரெண்டு எதுக்குங்க?” என்றாள் பூவாத்தாள்.

“ஸ்போர்ட்ஸ் காருங்க மேடம். ஒண்ணு போதும்தான். போதும்னு நிறுத்திட்டா அப்புறம் அது ஸ்போர்ட்ஸ் கார் இல்லீங்களே.” மருதாசலம் சிரித்தார். “சிங்கிள் ஓனர். சிறுத்தை வெச்சிருந்த வண்டி. ஓட்டவே இல்ல. அவருக்கு எதுக்குங்க காரு, காலு இருக்குதே. நிழலுக்கு வாங்கிப் போட்டிருந்தாரு.”

“சீட்டெல்லாம் கிழிஞ்சிருக்குதே?”

“உக்காந்து யோசிக்கறப்ப நகம் பட்டிருக்கும்.”

செதிலப்பன் தன் பங்குக்கு பானெட்டின் அடியில் மூக்கை நுழைத்து முகர்ந்தார். எறும்பு வாசனை இல்லை. கறையான் வாசனையும் இல்லை. நல்ல வண்டிதான், உள்ளே ஒன்றுமில்லை என்பதுதான் ஒரு சின்னக் குறை என்று நினைத்துக்கொண்டார்.

அவருக்கு எதற்கு ஸ்போர்ட்ஸ் கார் என்று கேட்கலாம். மந்திகள் கேட்டன. கோடையில் காடு முழுவதற்கும் ஒரே தண்ணீர், பாறைக்குழிக் குட்டை. அங்கே ஒரு சட்டம் உண்டு: முதலில் வருகிறவர் முதலில் குடிக்கலாம். மிகவும் நியாயமான சட்டம். இயற்றியவை மான்கள். விடியற்காலையில் மான்கள் குடிக்கும், பிறகு பன்றிகள், பிறகு யானைகள் இறங்கும். அதற்கப்புறம் அங்கே மிஞ்சுவதைத் தண்ணீர் என்று சொல்வது ஒரு மரியாதைக்காகத்தான். வளையிலிருந்து குட்டைக்கு அழுங்கின் நடையில் ஒன்றரை மணி நேரம். வரிசைக்கு டோக்கன் கொடுக்கப்போவதாக அறிவிப்பு வந்தபோது செதிலப்பன் சந்தோஷப்பட்டார். டோக்கனைக் குட்டையின் கரையில் வைத்துக் கொடுத்தார்கள். பிறந்ததிலிருந்து அவர் குடித்ததெல்லாம் சேறு. தன் முகம் தெரிகிற தண்ணீரை ஒரே ஒரு நாள் குடித்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேகத்தின்மேல் தனிப்பட்ட ஆசை எதுவும் கிடையாது.

அழுங்குக்குச் சொத்து என்றால் கறையான் புற்றுதான். செதிலப்பனிடம் மூன்று இருந்தன. பள்ளத்தில் இருந்த இரண்டை வண்டிக்கு விலையாகப் பேசி, வாலால் கோடு கிழித்துக் கொடுத்தாகிவிட்டது. மூன்றாவது மேட்டுப் புற்று.

மருதாசலம் சாவியை நீட்டினார். செதிலப்பன் கையை நீட்டியதும் சாவி கொஞ்சம் பின்னால் போனது.

“ஒரு சின்ன விஷயம் சார். கூடுதல் வாரண்டி.”

“வண்டி நல்ல வண்டின்னீங்களே?”

“குறையே இல்லாத வண்டி சார்.”

“குறையே இல்லாததுக்கு எதுக்குங்க வாரண்டி?” என்றாள் பூவாத்தாள்.

“குறை இருக்கிற வண்டின்னா எது போகும்னு தெரியும் மேடம். அதை மட்டும் பாத்துக்கலாம். குறையே இல்லாத வண்டில எது வேணா போகும்.”

இதில் தவறு எங்கே இருக்கிறது என்று இருவரும் கொஞ்ச நேரம் தேடினார்கள். மரங்கொத்தியும் தேடியது.

“என்ன கேக்கறீங்க?” என்றார் செதிலப்பன்.

“பெருசா ஒண்ணும் இல்ல. அந்த மேட்டுப் புத்து.”

பூவாத்தாள் கணவரைப் பார்த்தாள். ஐப்பசியில் மழை பிடித்தால் பள்ளத்துப் புற்றெல்லாம் கரைந்து ஓடிவிடும். நாற்பது நாள் நிற்பது மேட்டுப் புற்று ஒன்றுதான். அந்த நாற்பது நாளில் அவர்கள் தின்பதும் அது ஒன்றைத்தான். போன வருஷம் மேட்டுப் புற்று இல்லாத மூன்று அழுங்குக் குடும்பங்கள் மழையில் இறங்கிப் போயின. எங்கே போயின என்று யாரும் விசாரிக்கவில்லை.

“யோசிச்சுச் சொல்றோம்,” என்றார் செதிலப்பன்.

“தாராளமா யோசிங்க சார். நிழல் அந்தக் கல்லைத் தொடற வரைக்கும் ஆஃபர் இருக்குது.”

“எந்தக் கல்லு?”

மருதாசலம் ஒரு கல்லைக் காலால் தள்ளி, நிழலுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்தார். “இந்தக் கல்லு.”

செதிலப்பன் சுருண்டார்.

பூவாத்தாள் முதுகில் தட்டினாள். “ஏனுங்க. தலையில இருந்து வால் வரைக்கும் ஓடு மாட்டிட்டுப் பொறந்திருக்கீங்க. புலி கடிச்சா புலிக்குத்தான் பல்லு போகுது. உங்களுக்கு எதுக்குங்க ஒரு காயிதம்?”

“எனக்கில்ல. வண்டிக்கு,” என்றது பந்து.

“மழைக்கு என்னத்தைத் திங்கறது? காயிதத்தையா?”

பந்து இன்னும் இறுகியது. உள்ளே இருட்டு, வெதுவெதுப்பு, தன் மூச்சுக் காற்றின் வாசனை. செதிலப்பன் தன் வாழ்க்கையின் முக்கியமான முடிவுகளையெல்லாம் இந்த இடத்தில் வைத்துத்தான் எடுத்திருந்தார். அதனால்தான் அவை அப்படி இருந்தன. அவர் ஒழுங்காக யோசித்தார். வாரண்டி வாங்காமல் வண்டி கெட்டுப்போனால் பூவாத்தாள் பேசுவாள். வாரண்டி வாங்கி வண்டி கெட்டுப்போகாவிட்டாலும் பேசுவாள், புற்றை வீணாக்கினீர்கள் என்று. வாங்காமல் இருந்து, கெட்டும் போகாவிட்டால் அவள் பேச மாட்டாள். ஆனால் அந்த மௌனத்தில் “நான் அப்போதே சொன்னேன்” என்பது இருக்கும். வாங்கி, வண்டியும் கெட்டுப்போனால் மட்டும்தான் அவளால் ஒன்றும் சொல்ல முடியாது. ஆகவே வாங்க வேண்டும். பிறகு கெட்டுப்போக வேண்டும்.

நிழல் கல்லைத் தொட அரை விரற்கடை இருந்தபோது பந்து திறந்தது.

“போட்டுரலாம்.”

“நல்ல முடிவுங்க அண்ணா,” என்றார் மருதாசலம். சம்மதத்துக்கு முன்னால் சார், பின்னால் அண்ணா. செதிலப்பன் அதை நெருக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

காகிதம் தேக்கிலை அகலம் இருந்தது. நாற்பத்தொரு விதிகள், நாவல்பழ மையில், எறும்பளவு எழுத்தில், எறும்புச் சாரி போலவே வரிவரியாக. செதிலப்பன் குனிந்து படித்தார். முதல் விதி வண்டியின் நிறத்தைப் பற்றியது. இரண்டாம் விதி மருதாசலத்தின் முகவரி. மூன்றாம் விதிக்கு வந்தபோது மழை பற்றிய கவலையில் இருந்த நாக்கு, யாரையும் கேட்காமல் வெளியே வந்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டு உள்ளே போனது. புளிப்பாக இருந்தது. மூன்றாம் விதி இருந்த இடத்தில் ஈரமான ஒரு கோடு மட்டும் மிச்சம்.

மருதாசலம் அப்போது வாலின் அச்சை எடுக்க மை தடவிக்கொண்டிருந்தார். கவனிக்கவில்லை. செதிலப்பனும் சொல்லவில்லை. முதல் நாளிலேயே எதற்கு.

சாவியைப் போட்டுத் திருப்பப் போகும்போதுதான் இருபத்திரண்டாம் விதி கண்ணில் பட்டது. சாவியைப் போட்டுத் திருப்பியபின் ஏற்படும் பழுது எதற்கும் வாரண்டி பொருந்தாது. செதிலப்பன் கையை எடுத்துக்கொண்டார். நான்காம் விதியிலிருந்து வரிசையாகப் படித்தார். ஓடும்போது ஏற்படும் பழுது சேராது. மேடு ஏறும்போது ஏற்படுவது சேராது. இறங்கும்போது ஏற்படுவதும் சேராது. தூசி, வெயில், ஹாரன் அடித்ததால் பிற மிருகங்கள் கோபித்துக்கொள்வது, இவை சேராது. முப்பத்தாறாம் விதி நடை வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்றது. யாருடைய நடை என்று அதில் இல்லை.

“அப்ப இதை என்னதாங்க பண்றது?” என்றாள் பூவாத்தாள்.

“தள்ளு,” என்றார் செதிலப்பன்.

அவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். பூவாத்தாள் பின்னால் இரட்டைக் குழாய்களுக்கு நடுவே முதுகைக் கொடுத்துத் தள்ளினாள். வளை வரை மூன்று மணி நேரம் ஆனது. வழியில் மந்திகள் கிளைகளில் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன.

“ஏனுங்ணா, இது ஓட்டற வண்டியா தள்ளற வண்டியா?”

“வாரண்டி இருக்குதுடா!” என்று கத்தினார் செதிலப்பன்.

“அதையும் அக்காதான் தள்ளுதா?”

பூவாத்தாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் வண்டி பின்னால் வரும்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்தார்கள். அழுங்குக் குலத்தில் ஒன்றைக் காப்பாற்றுவது என்றால் அதை அசையாமல் வைத்திருப்பது. குட்டியைக் காப்பாற்ற அதைச் சுற்றிச் சுருள்வார்கள். வளையைக் காப்பாற்ற வாசலை மண்ணால் அடைப்பார்கள். எதையாவது ஓட்டிக் காப்பாற்றியதாக அவர்கள் குலத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை. செதிலப்பன் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. குலவழக்கத்தை ஸ்போர்ட்ஸ் காருக்கும் நீட்டித்தார், அவ்வளவுதான்.

மறுநாள் விடியலில் இருவரும் குட்டைக்கு நடந்து போனார்கள்.

“வண்டி இருக்குதே,” என்றாள் பூவாத்தாள், பாதி வழியில்.

“வாரண்டி ஒரு வருஷம் இருக்குது. அது முடியட்டும். முடிஞ்சா எந்த விதியும் இல்ல, இஷ்டத்துக்கு ஓட்டலாம்.”

“முடிஞ்சப்புறம் கெட்டுப்போனா?”

“அதுக்குத்தான் புதுப்பிச்சுக்கலாம்னு போட்டிருக்குது. நாப்பதாம் விதி.”

குட்டையில் யானைகள் குளித்துவிட்டுக் கரையேறிக்கொண்டிருந்தன. செதிலப்பன் குனிந்து சேற்றைக் குடித்தார். ஆனால் இப்போது அவர் குடித்தது கார் இல்லாதவன் குடிக்கும் சேறு இல்லை. அந்த வித்தியாசத்தைப் பூவாத்தாளுக்கு விளக்க முயன்றார். அவளுக்குப் பல்லில் மண் அரைபட்டது போல ஒரு முகம் வந்தது. அவளுக்கும் பல் கிடையாது.

கோடை முழுவதும் இப்படியே போனது. செதிலப்பன் விடியுமுன் வண்டிக்குள் உட்கார்ந்து சாவியைக் கையில் வைத்துக்கொண்டிருப்பார். மான்கள் தண்ணீருக்குப் போகும்போது கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்து, “அருமையான வண்டி,” என்று சொல்லிவிட்டு முன்னால் போய்க் குடிக்கும். மேட்டுப் புற்றை மருதாசலம் ஒரு கரடிக்கு விற்றார். ஒருநாள் அந்த வழியாகப் போனபோது கரடி புற்றின் உச்சியில் வாயை வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. பூவாத்தாள் நின்று முழுதாகப் பார்த்தாள். செதிலப்பன் வாரண்டிக் காகிதம் பத்திரமாக இருக்கிறதா என்று இடுப்புச் செதிலைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

ஐப்பசி பிறந்து நான்காம் நாள் மழை பிடித்தது.

முதல் வாரம் மரப்பட்டைகளுக்கு அடியில் ஒளிந்திருந்த எறும்புகளைத் தேடித் தின்றார்கள். இரண்டாம் வாரம் எறும்புகள் எண்ணிக்கையில் கிடைத்தன. மூன்றாம் வாரம் பூவாத்தாள் ஒரு பெரிய கட்டெறும்பைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் அதைப் பாதியாக்க முடியுமா என்று பார்த்தார். முடியவில்லை. நீ தின்னு, நீங்க தின்னுங்க என்று இருவரும் மரியாதை செய்துகொண்டிருந்ததில் எறும்பு போய்விட்டது. செதில்கள் உடம்பில் லொடலொடத்தன. நடந்தால் பழைய தகரப் பெட்டி நடப்பது போலச் சத்தம் கேட்டது. பூவாத்தாள் கடந்த எட்டு மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. செதிலப்பனுக்குப் பசியைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது.

மழை ஒருநாள் காலை கொஞ்சம் விட்டது. வண்டிக்குள் போய் உட்காரலாம் என்று செதிலப்பன் கதவை இழுத்தார். கதவு வரவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். உள்ளே ஒரே மண். கியர் கம்பியைச் சுற்றி எழுந்து, இரண்டு சீட்டையும் மூடி, ஸ்டியரிங்கைத் தனக்குள் வாங்கிக்கொண்டு கூரையைத் தொட்டு நின்றது ஒரு புற்று. பள்ளத்துப் புற்றுகள் கரைந்தபோது கறையான்களுக்கும் ஒரு மேடு தேவைப்பட்டிருக்கிறது. கூரையுள்ள, நனையாத, எட்டு மாதமாக அசையாத ஒரு மேடு. சக்கரம் வழியாக ஏறி இன்ஜினை நிரப்பி, பின்னால் இரட்டைக் குழாய் வரை மண் வழி போட்டிருந்தன.

பூவாத்தாள் மூக்கைத் தூக்கினாள். கண் மூடிக்கொண்டது.

“ஏனுங்க,” என்றாள், மிக மெதுவாக.

செதிலப்பனும் முகர்ந்தார். வாயில் நீர் ஊறியது. முழ நீள நாக்கு பாதி வெளியே வந்துவிட்டது. அப்போதுதான் அவருக்கு அந்தப் பழைய கணக்கு நினைவுக்கு வந்தது. வாங்கியாகிவிட்டது. இப்போது கெட்டும் போய்விட்டது.

“தொடாதே!” என்றார். “வாரண்டி!”

வாழ்நாளில் முதல் தடவையாக அவர் ஓடினார். மருதாசலத்தின் கடைக்கு அரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தார். அந்த வேகத்தில் ஓடியிருந்தால் பாறைக்குழிக் குட்டைக்கு யானைகளுக்கு முன்னாலேயே போயிருக்கலாம் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

மருதாசலம் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“மூணாம் விதியை யார் தின்னது?”

செதிலப்பன் தரையைப் பார்த்தார்.

“எதுக்கெல்லாம் வாரண்டி உண்டுன்னு அதுலதான்யா போட்டிருந்தது. மீதி முப்பத்தெட்டுல பெரும்பாலும் எதுக்கெல்லாம் இல்லைங்கறதுதான்.” சார், அண்ணா, இப்போது யா. “சரி, கறையான் அதுல எங்க வருதுன்னு பாப்போம்.”

நான்கிலிருந்து நாற்பத்தொன்று வரை விரலை ஓட்டினார். இன்னொரு தடவை ஓட்டினார். கறையான் எங்கும் வரவில்லை. ஒரு ஸ்போர்ட்ஸ் காரை எட்டு மாதம் ஒருவன் நகர்த்தாமலே வைத்திருப்பான் என்று விதி எழுதியவருக்குத் தோன்றவில்லை. மருதாசலத்துக்குச் சிரிப்பு வந்தது. கடையில் உட்கார்ந்த இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அந்தச் சிரிப்பில் சந்தோஷம் இல்லை.

“க்ளெய்ம் இருக்குது,” என்றார்.

செதிலப்பனுக்கு அழுகை வந்தது. “என்ன கிடைக்கும்?”

“எட்டாம் விதி. சேதம் நிரூபிச்சா ஈடா ஒரு புத்து.”

“எந்தப் புத்து?”

“உன்னோட மேட்டுப் புத்துதான். கரடி தின்னது போக.”

“போக எவ்வளவு இருக்குது?”

“புத்து அப்படியே இருக்குது. உள்ளதான் ஒண்ணும் இல்ல. உள்ள இருக்கறது வாரண்டில சேராது.” தேக்கிலையில் க்ளெய்ம் விண்ணப்பம் மூன்று பிரதி எழுதி வாங்கிக்கொண்டார். “சர்வேயர் வந்து பாப்பாரு. வந்து கறையானை எண்ணுவாரு. அது வரைக்கும் சேதத்தைக் கலைக்கக் கூடாது. ஒரு கறையான் குறைஞ்சதுன்னு தெரிஞ்சாலும் க்ளெய்ம் செல்லாது. பாத்துக்க.”

சர்வேயர் ஒரு தேவாங்கு. மிகவும் நிதானமான அதிகாரி என்று காட்டில் பெயர். தகவல் கிடைத்த அன்றே வேங்கை மரத்தை விட்டுப் புறப்பட்டுவிட்டது.

கறையான் புற்றுக்குக் காவல் இருந்த முதல் அழுங்கு செதிலப்பனாகத்தான் இருக்க வேண்டும். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். மோப்பம் பிடித்து வந்த கரடியிடம் காகிதத்தைக் காட்டி, “க்ளெய்ம் நடந்துட்டிருக்குது, கை வெச்சா உன் பேரும் ஃபாரத்துல ஏறும்,” என்றார். கரடிக்குப் புலியிடம் பயமில்லை, ஃபாரம் என்றால் பயம். போய்விட்டது. மரங்கொத்தி தினமும் வந்து சர்வேயரின் நிலவரம் சொன்னது.

“இன்னிக்கு ரெண்டு கிளை தாண்டிட்டாருங்க.”

“நேத்து மூணுன்னியே?”

“ஒண்ணு திரும்பிப் போயிட்டாரு. பேனாவை மறந்துட்டாராம்.”

“ஏனுங்க,” என்றாள் பூவாத்தாள் பன்னிரண்டாம் நாள். எழுந்து நிற்க முடியாமல் முன்சக்கரத்தில் சாய்ந்திருந்தாள். “நிறைஞ்ச புத்துக்கு முன்னால பட்டினி கெடக்கறோம். எதுக்குங்க?”

“புத்து வரும்.”

“வெறும் புத்துங்க.”

“நம்ம புத்து,” என்றார் செதிலப்பன். “குடுத்தது நமக்கே திரும்பி வருது. எத்தனை பேருக்கு வாரண்டி இப்படி வேலை செய்யுது சொல்லு?”

பூவாத்தாளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அந்தப் பந்துக்குள் உட்கார்ந்து அவர் கணக்குப் போட்டது சரியாக வந்துவிட்டது. அவர் எதிர்பார்த்த சந்தோஷம் மட்டும் வரவில்லை. பசியினால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

பத்தொன்பதாம் நாள் காலை தேவாங்கு வந்து சேர்ந்தது. பானெட்டில் ஏறி உட்கார அரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. பெரிய வட்டக் கண்கள் இரண்டையும் முன்கண்ணாடியில் ஒட்டி வைத்தது.

“எண்ணும்போது யாரும் பேசக் கூடாது,” என்றது. “பேசினா மறுபடி ஒண்ணுல இருந்து.”

செதிலப்பன் வாயைப் பொத்திக்கொண்டார். மரங்கொத்தி அலகை மரத்தில் வைத்து அப்படியே நின்றது.

“ஒண்ணு,” என்றது தேவாங்கு. ஒரு மேகம் கடந்து போனது. “ரெண்டு.”

உச்சி வெயிலுக்கு அது நாற்பதைத் தாண்டியது. நாற்பத்து மூன்றாவது கறையானைக் குறித்துக்கொண்டு நிமிர்ந்தபோது ஏற்கெனவே எண்ணியவற்றில் சில காணவில்லை. பின்பக்கமாக வரிசையாக எதுவோ அவற்றை இழுத்துக்கொண்டு போவது போலத் தெரிந்தது. தேவாங்கு அவசரப்படவில்லை. எச்சில் தொட்டுக் குறிப்பை அழித்தது.

“ஒண்ணு,” என்றது.

செதிலப்பன் திரும்பிப் பார்த்தார். முன்சக்கரத்தில் பூவாத்தாள் இல்லை. சத்தம் போடாமல், செதில் லொடலொடக்காமல் இருக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வண்டியைச் சுற்றிப் பின்னால் போனார்.

பூவாத்தாள் சேற்றில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய நாக்கு முழுவதும் வலது சைலன்சருக்குள் இருந்தது. கண்கள் மூடியிருந்தன. தொண்டை ஏறி இறங்கியது.

“ரெண்டு,” என்றது முன்னாலிருந்து தேவாங்கு.

செதிலப்பன் நின்றார். பேசக் கூடாது என்ற உத்தரவு அமலில் இருந்தது. பூவாத்தாள் கண்ணைத் திறக்காமல், நாக்கையும் எடுக்காமல், அரை அடி வலது பக்கம் நகர்ந்தாள். இடது குழாய்க்கு முன்னால் ஒருவர் உட்காரும் அளவுக்கு இடம் வந்தது. தரை ஈரமாக இருந்தது.

செதிலப்பன் இடுப்புச் செதிலிலிருந்து வாரண்டிக் காகிதத்தை எடுத்தார். நான்காக மடித்துச் சேற்றில் போட்டு, அதன்மேல் மண்டியிட்டார்.

நீதி: குடும்பஸ்தர்கள் கார் வாங்கும்போது இன்ஜினைப் பார்த்துக் காலத்தை வீணாக்க வேண்டாம். சைலன்சர் தலைக்கு ஒன்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளவும்.